பொங்கல் லீவுக் கச்சேரியும் எங்க வீட்டுக்காரர் காதும்

எங்க பக்கம் பொங்கல் லீவு விட்டா ஆம்பளைங்க பூரா மாடு பாக்கப் போயிருவாங்க. அங்கிட்டு ஒரு வாடிவாசல், இங்கிட்டு ஒரு வாடிவாசல்னு தை மாசம் முழுக்க அதே பேச்சுதான். எங்க வீட்டுக்காரர் மட்டும் கச்சேரிக்குப் போவார். அதுவும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்து தலையாட்டுற கச்சேரி இல்ல. மேடையில ஒரு பக்கம் நாயனம், தவில், வயலின். இன்னொரு பக்கம் எலக்ட்ரிக் கிடார், கீபோர்டு, டிரம்ஸ் செட்டு. புதுக்கோட்டையில வியாபாரிங்க கொஞ்சப் பேர் சேந்து, முன்ன பட்டிமன்றம் நடத்துன கிரவுண்டுல இப்ப வருஷா வருஷம் காணும் பொங்கல் அன்னைக்குச் சாயங்காலம் இத வைக்கிறாங்க. நோட்டீஸ்ல ஃபியூஷன்னு போட்டிருக்கும். கீரனூர்ல எங்க தெருவுல இருக்கிறவங்க, "என்னங்க, ஊரே காளையப் பாக்கப் போகுது, நீங்க கிடாரப் பாக்கப் போறீங்களா?"ன்னு அவரைப் போட்டு ஓட்டுவாங்க. அவர் சிரிச்சுக்கிட்டே வண்டிய எடுப்பார்.

எனக்குக் கோவம் கோவமா வரும். மனுஷன் குளத்தூர் பக்கம் ஒரு கல் கிரஷர்ல ஆபரேட்டர். பாறாங்கல்ல மிஷின் வாயில கொட்டுவாங்க, கீழ ஜல்லியா வந்து விழும். கிட்டப் போய் நின்னா நமக்குப் பல்லெல்லாம் ஆடும். வருஷம் பூரா அந்த இரைச்சல்லயே கெடந்துட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைக்கிற நாலு நாள் லீவுல ஒருத்தர் வீட்டுல அமைதியாப் படுப்பாரா, இல்ல இன்னொரு இரைச்சலத் தேடிப் போவாரா? "உங்களுக்குச் சத்தம் பத்தலயா?"ன்னு கேட்டேன். "அது சத்தம், இது பாட்டு"ன்னார். 

மொதத் தடவ முணுமுணுத்துக்கிட்டேதான் போனேன். அவர் நேராப் போய் மேடைக்குப் பக்கத்துல, ஆள் ஒசரத்துக்கு அடுக்கி வச்சிருந்த ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால நாற்காலியப் போட்டார். மொதல்ல நாயனம் மட்டும் தனியா வாசிச்சாங்க. கோயில்ல கேக்குற அதே நாயனம்தான். சரி, இதுக்குத்தான் இத்தன தூரமான்னு நெனச்சேன். அப்புறம் ஒரு பையன் தலைமுடிய முதுகு வரைக்கும் விட்டுக்கிட்டு வந்து கிடார்ல அதே ராகத்தப் பிடிச்சான் பாருங்க, எனக்கு ரோமமெல்லாம் குத்திட்டு நின்னுருச்சு. தவிலும் டிரம்ஸும் ஒண்ண ஒண்ணு தொரத்துச்சு. காலேஜுப் பயலுக எல்லாம் எந்திரிச்சு குதிக்கிறாங்க. வேட்டிய மடிச்சுக் கட்டுன பெரியவர் ஒருத்தர் தொடையில தாளம் போட்டுக்கிட்டு அழுகுறார். நான் எங்க வீட்டுக்காரரத் திரும்பிப் பாத்தா, அவர் கண்ண மூடிக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி உக்காந்திருந்தார். கல்யாணமாகி அத்தன வருஷத்துல அப்படி ஒரு மொகத்த நான் பாத்ததே இல்ல. அப்புறம் எனக்கும் அது பிடிச்சுப் போச்சு. பொங்கல் வந்தாலே கரும்பு வாங்குறமோ இல்லையோ, காணும் பொங்கலுக்கு எந்தச் சேலையக் கட்டிட்டுப் போகலாம்னு நானே யோசிக்க ஆரம்பிச்சேன்.

இங்க என்னப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். நான் பேசுவேன். கொஞ்ச நஞ்சம் இல்ல, நிறையப் பேசுவேன். திருச்சியில ஒரு ஸ்கேன் சென்டர்ல ரிசப்ஷன்ல இருக்கேன். தெனம் கீரனூர்ல பஸ் ஏறிப் போயிட்டு வாரேன். அங்க நாள் பூரா "தண்ணி குடிச்சீங்களா, உக்காருங்க, கூப்பிடுறேன்"னு ஊரான்கிட்ட பேசிட்டு, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரிகிட்ட பேசிட்டு, வீட்டுக்கு வந்து அவர்கிட்ட ஒண்ணு விடாம ஒப்பிப்பேன். அவர் எதிர்ல உக்காந்து என் மொகத்தவே பாத்துக்கிட்டுக் கேப்பார். டிவி பக்கம் கண்ணு போகாது, செல்போனத் தொட மாட்டார். சரியான எடத்துல சிரிப்பார். சென்டர்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாம், "எங்க வீட்டுல நாங்க பேசுனா செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கும், நீங்க குடுத்து வச்சவங்க அக்கா"ம்பாங்க. எனக்கு அதுல அம்புட்டுப் பெருமை.

கிரஷர்ல வேலை பாக்கிறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்க யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா எவனுக்குக் கேக்கும்? கையால ஒரு சாடை, வாய அசைச்சா அத கண்ணால பிடிச்சுக்குவாங்க. சாப்பிட்டியா, டீசல் இருக்கா, பெல்ட்டு இழுக்குது, மொதலாளி வாராரு, எல்லாம் அப்படித்தான். அவரோட வேலை பாக்குற ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்தா, ரெண்டு பேரும் வாசல்ல நின்னு சத்தமே இல்லாம சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பாங்க. நான் வேடிக்கை பாத்திருக்கேன். அதுல இருந்த வினை எனக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. வாயப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்கிற மனுஷனுக்குத் தன் காது போறது எப்படித் தெரியும்? எல்லாந்தான் புரியுதே!

போன வருஷப் பொங்கலுக்கும் போனோம். அதே ஸ்பீக்கருக்கு முன்னாலதான் நாற்காலி. அந்தத் தடவ வெளியூர்ல இருந்து வயலின் வாசிக்கிற ஒருத்தர் வந்திருந்தார். நடுவுல டிரம்ஸ், கிடார் எல்லாத்தயும் நிறுத்திட்டு, லைட்டக் கொறச்சு, அவர் மட்டும் தனியா வாசிக்க ஆரம்பிச்சார். அவ்வளவு பெரிய கூட்டம் மூச்சுக் காட்டல. விசிலடிச்சவன் எல்லாம் அப்படியே உக்காந்துட்டான். வயலின் மேல மேல ஏறிப் போகுது, எனக்குக் கண்ணுல தண்ணி முட்டுது. அப்ப எங்க வீட்டுக்காரர், கிரவுண்டு முழுக்கக் கேக்குற மாதிரி, "என்ன, கரண்டு போயிருச்சா?"ன்னார்.

முன் வரிசை பின் வரிசை எல்லாம் திரும்பிச்சு. ஒருத்தன் கொல்லுன்னு சிரிச்சான். ஒரு அம்மா உஷ்ஷுன்னு வாயில விரல வச்சுச்சு. எனக்கு உசுரே போச்சு. "மானத்த வாங்குறீங்களே, சும்மா இருங்க"ன்னு தொடையில கிள்ளுனேன். அவர் ஒண்ணும் புரியாத மாதிரி என்னப் பாத்தார். "நிப்பாட்டிட்டாங்கல்ல?"ன்னு திரும்பக் கேட்டார். நான் மேடையக் காட்டுனேன். "அங்க பாருங்க, வாசிச்சுக்கிட்டுத்தான இருக்காரு!"

அவர் பாத்தார். அந்த வயலின்காரர் கை மேலயும் கீழயும் போயிட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் அந்தக் கையவே பாத்தார். அப்புறம் நிமிந்து ஸ்பீக்கர் பாக்ஸப் பாத்தார். "மெதுவா வாசிக்கிறார் போல"ன்னார். மெதுவா ஒண்ணும் இல்ல. கடைசி வரிசையில டீ வித்தவர் கூட கெட்டிலக் கீழ வச்சுட்டு நின்னு கேட்டுக்கிட்டு இருந்தார். அதுக்கப்புறம் டிரம்ஸ் ஆரம்பிச்சதும் அவர் பழையபடி கண்ண மூடிக்கிட்டார். நான் மூடல.

மறுநாள் காலையில அவர் வீட்டுக்குப் பின்னால வாழைக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தார். முதுகு என் பக்கம். நான் போய்ப் பின்னால நின்னு, "என்னங்க"ன்னேன். அசையல. கொஞ்சம் சத்தமா, "என்னங்க, இன்னைக்கு உங்களுக்குச் சோறு கிடையாது"ன்னேன். தண்ணியத் திருப்பி அடுத்த பாத்திக்கு விட்டார். "நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இனி வரமாட்டேன். இன்னொருத்தியக் கட்டிக்கங்க"ன்னேன். இத்தனைக்கும் கைக்கெட்டுற தூரம்தான். மண்வெட்டிய எடுத்துக்கிட்டு ஏதோ ஒரு பாட்ட முணுமுணுத்துக்கிட்டுப் போறார் மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே இருந்தேன், அப்புறம் பாத்தா அழுதுக்கிட்டு நிக்கிறேன்.

அன்னைக்குப் பூரா ஒண்ணொண்ணா நெனப்புக்கு வந்துச்சு. எங்க மக கோயம்புத்தூர்ல படிக்கிறா. அவ போன் பண்ணுனா இவர் எடுத்து, "நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? இந்தா, அம்மாகிட்ட குடுக்கிறேன்"னு சொல்லி என் கையில திணிச்சிருவார். அப்பனுக்கும் மகளுக்கும் கூச்சம்னு நெனச்சேன். குக்கர் விசில் எண்ணச் சொன்னா எண்ண மாட்டார். சோம்பேறித்தனம்னு திட்டுனேன். விராலிமலைக்குச் சாமி கும்பிடப் போனப்ப மயில் அந்தக் கத்துக் கத்துது, இவர், "இன்னைக்கு மயிலே காணோமே"ன்னார். வயசாகுதுன்னு கேலி பண்ணுனேன். எல்லாத்துக்கும் ஒரு காரணம் என் கையில இருந்துச்சு. ஒண்ணு கூட சரியான காரணம் இல்ல.

ஸ்கேன் சென்டர்ல இருக்கிறதால காது டாக்டரப் பாக்குறதுல எனக்குச் சிரமம் இல்ல. இவரக் கெளப்புறதுதான் பெரும்பாடாப் போச்சு. "எனக்கு என்ன வந்துச்சு? நீ பேசுறது எல்லாம் கேக்குது"ன்னு ஒரே சாதிப்பு. "அப்ப கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க"ன்னேன். மூட மாட்டேன்னுட்டார். கடைசியில மகளே வந்து கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா.

அங்க கண்ணாடி வச்ச சின்ன ரூம்புக்குள்ள உக்கார வச்சு, தலையில ஹெட்போன் மாட்டி, கையில ஒரு பட்டனக் குடுத்தாங்க. சத்தம் கேக்குறப்பல்லாம் அமுக்கணும். வெளியில ஒரு பொண்ணு உக்காந்து ஒவ்வொரு சத்தமா அனுப்புச்சு. இவர் டக்கு டக்குன்னு அமுக்குறார். எனக்கு ஒரே சந்தோசம். ஒண்ணும் இல்ல போலருக்கே, வீணாப் பயந்துட்டமேன்னு மனசுக்குள்ள முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போய் அவரோட நாற்காலிய செவுத்தப் பாத்துத் திருப்பிப் போட்டுச்சு. இவர் அது வரைக்கும் அந்தப் பொண்ணு கை அசையிறதப் பாத்து அமுக்கிக்கிட்டு இருந்திருக்கார்! ஏமாத்தணும்னு செய்யல. கிரஷர்ல அப்படித்தான் வேலையே நடக்குது. நாற்காலியத் திருப்புனதுக்கு அப்புறம் அவர் கை பட்டனு மேல சும்மாவே இருந்துச்சு. முதுக மட்டும் விறைச்சுக்கிட்டு, பரீட்சை எழுதுற பையன் மாதிரி உக்காந்திருந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு, அமுக்குங்க, அமுக்குங்கன்னு மனசுக்குள்ளயே கத்துனேன்.

டாக்டரம்மா மாஸ்க் போட்டுக்கிட்டுப் பேசுனாங்க. இவருக்கு ஒரு வார்த்தை பிடிபடல. அவங்க மொகத்தப் பாக்குறார், என் மொகத்தப் பாக்குறார். நான்தான் அவர் பக்கம் திரும்பிச் சொன்னேன். கீச்சுன்னு இருக்கிற சத்தமெல்லாம் போயிருச்சாம். பொம்பளைங்க குரல், புள்ளைங்க குரல், வயலின், குருவிச் சத்தம், எல்லாம் அந்தப் பக்கத்துல வாரதாம். கீழ்ச் சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்காம். மேளம், மிஷினு, ஆம்பளைக் குரல். போனது திரும்ப வராது. இருக்கிறதக் காப்பாத்தணும்னா மிஷின்கிட்ட போகக் கூடாது, ஸ்பீக்கர்கிட்ட உக்காரக் கூடாது. காதுக்குள்ள மிஷின் வச்சுக்கிட்டுப் பழகணும். இதையெல்லாம் நிறுத்தி நிறுத்தி, வாயத் தெளிவா அசைச்சுத்தான் சொன்னேன்.

"சரி"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுக்கிட்டு எந்திரிச்சார். காதுல மிஷின் வைக்க மட்டும் முடியாதுன்னுட்டார்.

அதுக்கு மேல எங்க வீட்டுல நடந்தது சண்டைதான், வேற என்ன. அவர் பயம் எனக்குப் புரியாம இல்ல. ஆபரேட்டர்னா மிஷின் சத்தத்த வச்சே எங்க கல்லு சிக்கிருக்கு, எந்த பேரிங் போகப் போகுதுன்னு சொல்லணும். காதுல கருவியோட போய் நின்னா அன்னைக்கே அனுப்பிருவாங்க. "காலுக்குக் கீழ வர்ற அதிர்வுலயே எனக்குத் தெரியும்"னு சொல்வார். நான், "ஏன், வேற வேலையே இல்லையா ஒலகத்துல?"ன்னு கத்துவேன். எனக்கே ஒரு வேதனை, கத்துனாலும் அவருக்குக் கேக்காது, கத்துற மொகம்தான் தெரியும். அந்த மொகத்தப் பாக்க அவருக்குப் பிடிக்காது. எந்திரிச்சுப் போயிருவார். சண்டை போடக் கூட எதிர்ல உக்காரணும் எங்களுக்கு.

ஆடி மாசம் ஒரு நாள் அவரோட வேலை பாக்கிறவர் என் வேலை எடத்துக்கே போன் பண்ணிட்டார். கிரஷர்ல லோடு ஏத்த வந்த லாரி பின்னால வந்திருக்கு. ரிவர்ஸ் எடுத்தா கீ கீன்னு கத்துமே, அந்தச் சத்தம் இவருக்குக் கேக்கல. லாரிக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னிருக்கார். அந்த மனுஷன் ஓடிப் போய் சட்டையப் பிடிச்சு இழுத்ததுல ரெண்டு பேரும் ஜல்லிக் குவியல்ல விழுந்து முழங்கை சிராய்ச்சதோட போச்சு. நான் பஸ்ஸுக்குக் கூட நிக்காம ஆட்டோ பிடிச்சுப் போனேன். சட்டை கிழிஞ்சு, ஒடம்பெல்லாம் வெள்ளைப் பொடியா ஒரு கல்லு மேல உக்காந்திருந்தார். திட்டணும்னுதான் போனேன். கிட்டப் போனதும், "ஏங்க, நான் என்ன பாவம் செஞ்சேன்?"னு அழுதுட்டேன். அவர் தலையக் குனிஞ்சுக்கிட்டார். குனிஞ்சா நான் சொல்றது தெரியாதுன்னு அவருக்கும் தெரியும்.

மொதலாளி நல்ல மனுஷன். விரட்டல. மிஷின விட்டு எறக்கி எடை மேடையில போட்டார். லாரி எடை போடுற எடத்துல ஒரு சின்ன ரூம்பு, கண்ணாடி சன்னல். சத்தம் அங்க அவ்வளவா வராது. ஆனா அங்க டிரைவருங்க சன்னல் வழியா வண்டி நம்பர் சொல்வாங்க, எந்த ஊருக்கு லோடுன்னு சொல்வாங்க, ஆபீஸ்ல இருந்து போன் வரும். காது இல்லாம அங்க ஒண்ணும் ஓடாது. பொங்கல் வரைக்கும் பாப்போம், சரிவரலன்னா வேற ஆளப் போட வேண்டியதுதான்னார் மொதலாளி. அவரும்தான் என்ன செய்வார், பாவம்? இவரும் வேற வழியில்லாம காது மிஷினுக்குத் தலையாட்டுனார்.

தீபாவளி கழிச்சு அது வந்துச்சு. ரெண்டு காதுக்கும் ரெண்டு, பின்னால சொருகிக்கிறது. அத மாட்டி விட்ட பொண்ணு, முழிச்சிருக்கிற நேரமெல்லாம் போட்டிருக்கணும், மூளைக்கு அது பழகணும், கழட்டிக் கழட்டி வச்சா பழகவே பழகாதுன்னு என்கிட்டதான் படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. மொதல் நாள் வீட்டுக்கு வந்து அவர் ஃபேனப் பாத்து மொறைச்சார். மிக்ஸி போட்டா எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டார். "தண்ணிக் குழாய் இம்புட்டுச் சத்தமா போடும்?"னு கேட்டார். நான், "என்னங்க"ன்னு பின்னால நின்னு கூப்பிட்டேன். திரும்பிட்டார்! எனக்குக் கை கால் ஓடல. மறுபடி மறுபடி கூப்பிட்டேன், ஒவ்வொரு தடவையும் திரும்புனார். "நான் பேசுறது நல்லாக் கேக்குதா?"ன்னு கேட்டேன். "கேக்குது, கேக்குது"ன்னார். அன்னைக்கு மகளுக்குப் போன் போட்டு அவர் கையில குடுத்தேன். பேசுனார். பேசி முடிச்சுட்டு என்னமோ மாதிரி போனப் பாத்துக்கிட்டு இருந்தார். சந்தோசத்துலன்னு நான் நெனச்சேன்.

ஆனா நான் அசந்தா கழட்டிருவார். குளிச்சுட்டு மறந்துட்டேன்பார், வேர்க்குதும்பார், பேட்டரி போச்சும்பார். எடை மேடையில போட்டுக்கிறார்னு, லாரிகிட்ட இருந்து இழுத்துக் காப்பாத்துன அந்தக் கூட்டாளி சொன்னார், வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பைக்குள்ள போயிரும். எனக்கு ஆத்திரமா வரும். லாரிக்காரன் பேசுறதுக்கு வேணும், நான் பேசுறதுக்கு வேணாமா?

இந்த வருஷம் பொங்கல் வந்துச்சு. மொதலாளி சொன்ன கெடு அது. அவர் கச்சேரி நோட்டீஸக் கொண்டாந்து டேபிள்ல வச்சார். "போகலாம். ஆனா கடைசி வரிசை, காதுல மிஷினோட"ன்னேன். தலையாட்டுனார். எனக்கு மனசுக்குள்ள ஒரு ஆசை. போன வருஷம் கேக்காம போன வயலின இந்த வருஷம் கேட்டுட்டார்னா, அந்தப் பழைய மொகம் வரும், அதுக்கப்புறம் அவரே மிஷினக் கழட்ட மாட்டார்னு நெனச்சேன். பைத்தியக்காரி.

டீ விக்கிற எடத்துக்குப் பக்கத்துல, கிரவுண்டோட கடைசியில உக்காந்தோம். முன்னால போய் உக்காராதது அவருக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஸ்பீக்கர் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தார். இந்தத் தடவ ஒரு பொண்ணு வயலின். எங்க மக வயசுதான் இருக்கும், ஜீன்ஸ் போட்டு மல்லிப்பூ வச்சிருந்துச்சு. கிடார் ஒரே சுருதியில அடியில ரீங்காரம் போட, அது மேல இந்தப் பொண்ணு வயலின இழுத்துச்சு. ஐயோ, என்ன சொல்ல! எனக்கு எல்லாம் மறந்துருச்சு ஒரு நிமிஷம். அப்புறம் ஞாபகம் வந்து அவரத் திரும்பிப் பாத்தேன்.

அவர் கண்ண மூடல. நெத்தியச் சுருக்கிக்கிட்டு, சொத்தைப் பல்லுல ஐஸ் பட்ட மாதிரி மொகத்த வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார்.

"கேக்குதா?"ன்னேன்.

"கேக்குது."

"எப்படி இருக்கு?"

"தகரத்த ரோட்டுல இழுக்கிற மாதிரி இருக்கு. இதா வயலினு?"

நான் சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல. அவருக்குப் பொய் சொல்ல வராது, அது எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும். சிரிச்ச வாயி அப்படியே நின்னுச்சு. மேல போற சத்தமெல்லாம் அந்த மிஷினுக்குள்ள இப்படித்தான் வருதுன்னா? தீபாவளியில இருந்து நான் பேசுறது?

"நான் பேசுறது எப்படி இருக்கு, அதுல?"ன்னு கேட்டேன்.

"கேக்குதுன்னுதான் சொன்னேனே."

"எப்படி இருக்குன்னு கேட்டேன்."

அவர் மேடையப் பாத்தார், டீக்காரரப் பாத்தார். தப்பிக்க வழியில்ல. "இங்காரு, கோவிச்சுக்காத"ன்னார். "யாரோ ஒருத்தி பேசுறா. பேச்செல்லாம் ஒன் பேச்சுதான். குரலு வேற ஆளு."

"அப்ப என் குரலு?"

"அது போயிருச்சு. எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியல. ஒன் வாயப் பாத்துக்கிட்டு, நான் கேட்டுக்கிட்டு இருக்கிறதாத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒன் குரலே கேக்குற மாதிரிதான் இருக்கும். இதப் போட்டதுக்கப்புறம்தான் இல்லன்னு தெரிஞ்சுச்சு." சொல்லிட்டு ரெண்டு காதுலயும் இருந்து கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். நாற்காலிய என் பக்கம் திருப்பிக்கிட்டார். "இது வேணாம். நீ பேசு, நான் ஒன் மொகத்தப் பாத்துக்கிறேன். எனக்கு அது போதும்"னார்.

எனக்கும் அது போதும்னுதான் இருந்துச்சு, சாமி சத்தியமா. எங்க ரெண்டு பேருக்கும் அது போதும். எதிர்ல உக்காந்து பேசிக்கிட்டே காலத்த ஓட்டிரலாம். அந்த மொகத்துல என் பழைய குரல் இன்னமும் கேட்டுக்கிட்டு இருக்குன்னா நான் எதுக்கு அதக் கெடுக்கணும்? ஆனா லாரிக்கு மொகம் இல்லையே. லீவு முடிஞ்சு போனா எடை மேடையில மொதலாளி நிப்பார். மக போன்ல கூப்பிட்டா வாயி தெரியாது. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னு அடுப்படியில விழுந்து கத்துனா, இவர் வாழைக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருப்பார்.

மேடையில டிரம்ஸும் தவிலும் சேந்து ஆரம்பிச்சுருச்சு. கூட்டம் எந்திரிச்சு நின்னு கத்துது. அவர் கண்ண மூடப் போனார். நான் அவர் பையில கைய விட்டு அந்த ரெண்டையும் எடுத்தேன். காதுல சரியா சொருக வரல, ரெண்டாவது தடவதான் உக்காந்துச்சு. அவர் தடுக்கல. மிஷின்ல பச்ச லைட்டு எரியுதான்னு பாத்துட்டு, அவர் காதுகிட்டப் போய் சொன்னேன்: "யாரோ ஒருத்தின்னா யாரோ ஒருத்தி. இனி அவ கூடயே குடித்தனம் பண்ணிப் பழகுங்க."

நான் அதச் சொன்னது கூட அவருக்கு அவ குரல்லதான் கேட்டிருக்கும்.